லிக்னைட்டில் பெட்ரோல்: கணக்கு எங்கே உதைக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலக்கரியிலிருந்தும் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியான லிக்னைட்டிலிருந்தும் பெட்ரோல் எடுப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஜெர்மானியர்கள் எப்போதோ செய்துவிட்டார்கள், சரியான வினையூக்கி மட்டும் கைக்கு வந்தால் நாமும் செய்துவிடலாம் என்பது அதன் சாரம். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியில்தான் கணக்கு உதைக்கிறது. வினையூக்கி இதில் ரகசியமே இல்லை. அதற்கு முன்னால் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவைத் தயாரித்து, இரண்டின் விகிதத்தைச் சரிசெய்து, கந்தகத்தை எடுத்துத் தருகிற பகுதிதான் முதலீட்டில் பெரும்பங்கை விழுங்குகிறது. நிலக்கரியில் ஓடும் ஆலை என்றால் மொத்தச் செலவில் அறுபது, எழுபது சதவீதம் அங்கேயே போய்விடும். ஆலை அடிக்கடி நின்றுபோவதும் பெரும்பாலும் அந்தப் பகுதியால்தான்.

வரலாற்றில் ஒரு திருத்தம். மூல்ஹைம் நகரின் கெய்சர் வில்ஹெல்ம் நிலக்கரி ஆய்வு நிலையத்தில் பிரான்ஸ் ஃபிஷரும் ஹான்ஸ் திராப்ஷும் 1920களின் நடுவில் கண்டது இந்த வாயுவை எண்ணெயாக்கும் வினை; ஃபிஷர்-திராப்ஷ் வினை என்று பெயர். 1936-இல் ஓபர்ஹவுசனில் ரூர்ஹெமி நிறுவனத்தின் ஆலை ஓடத் தொடங்கியது. போர்க்காலத்தில் ஜெர்மனியில் மொத்தம் ஒன்பது ஆலைகள் இருந்தன. எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு லட்சம் டன்னைத் தாண்டவில்லை. கட்டுரையாளர் சொல்வது போல ஜெர்மன் போர் விமானங்கள் இந்த எரிபொருளில் பறக்கவில்லை. விமான பெட்ரோல் வந்தது பெர்கியஸ் முறையில்; நிலக்கரியோடு ஹைட்ரஜனை மிகுந்த அழுத்தத்தில் நேரடியாகச் சேர்க்கிற வேறொரு முறை அது. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது பலரும் செய்கிற தவறு.

ஃபிஷர்-திராப்ஷ் வினையூக்கியின் செய்முறை போர் முடிந்ததுமே வெளியே வந்துவிட்டது. 100 பங்கு கோபால்ட், 5 பங்கு தோரியம் ஆக்சைடு, 8 பங்கு மெக்னீசியம் ஆக்சைடு, 200 பங்கு கீசல்கூர் என்ற மண். இரும்பு வினையூக்கி வேண்டுமென்றால் 100 பங்கு இரும்புக்கு 5 பங்கு செம்பு, 4 பங்குக்குச் சற்றுமேல் பொட்டாசியம், 25 பங்கு சிலிகா. பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. (தோரியம் என்றதும் மணவாளக்குறிச்சி மணலை நினைத்துக்கொள்பவர்கள் இருப்பார்கள். இன்று யாரும் தோரியம் போடுவதில்லை. அலுமினா, சிலிகா அல்லது டைட்டானியா மேல் கோபால்ட்டை ஏற்றி, அது எளிதில் ஒடுக்கமடைய (அதாவது ஆக்சிஜனை இழந்து உலோகமாக) ஒரு சிட்டிகை பிளாட்டினமோ ரீனியமோ ருத்தேனியமோ சேர்க்கிறார்கள்.)

அடுத்து, என்ன கிடைக்கும் என்ற கேள்வி. கார்பன் மோனாக்சைடு ஒன்றும் ஹைட்ரஜன் இரண்டும் சேர்ந்து சங்கிலியில் ஒரு கண்ணியும் ஒரு தண்ணீர் மூலக்கூறும் ஆகின்றன. கண்ணி மேல் கண்ணியாகச் சங்கிலி நீள்கிறது. இதைப் பூத்தொடுப்பது போல நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பூ வைத்ததும் இரண்டே வழி: இன்னொரு பூ தொடுக்கலாம், அல்லது முடிச்சுப் போட்டு அறுத்துவிடலாம். பத்தில் ஒன்பது முறை அடுத்த பூவையே தொடுத்தால் ஆல்ஃபா 0.9 என்பார்கள். இந்த ஓர் எண் தெரிந்தால் மொத்த விளைச்சலும் எழுதிவிடலாம். ஆல்ஃபா 0.9 என்றால் எடையில் 8 சதவீதம் மீத்தேன் முதல் பியூட்டேன் வரையான வாயுக்கள், 26 சதவீதம் பெட்ரோல் வரம்புத் திரவமான நாஃப்தா, 29 சதவீதம் டீசல் வரம்பு, மீதி 36 சதவீதத்துக்கு மேல் மெழுகு. ஆல்ஃபா 0.7-க்கு இறங்கினால் மெழுகு அரை சதவீதம்தான். ஆனால் 47 சதவீதம் வாயுவாகப் போய்விடும். 0.95-க்கு ஏற்றினால் 72 சதவீதம் மெழுகு. பெட்ரோல் வரம்பை மட்டும் குறிவைத்தாலும் அது பாதியைத் தொடாது. எவ்வளவு நல்ல வினையூக்கி போட்டாலும் இந்தப் பங்கீட்டிலிருந்து தப்ப முடியாது. போதாக்குறைக்கு உண்மையான ஆலையில் மீத்தேன் இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் கூடவே வரும்.

அதனால் கோபால்ட் ஆலைக்காரர்கள் பெட்ரோலுக்கு ஆசைப்படுவதே இல்லை. வேண்டுமென்றே மெழுகாக எடுத்து, அந்த மெழுகை ஹைட்ரஜனோடு வேறொரு வினையூக்கி மேல் உடைத்து டீசலும் விமான எரிபொருளும் ஆக்குகிறார்கள். கிடைக்கும் டீசலில் கந்தகம் கிடையாது, எளிதில் பற்றும் தன்மையைக் காட்டும் சீட்டேன் எண் 70-க்கு மேல். குறையும் உண்டு. அடர்த்தி 0.77, 0.78 அளவில்தான் நிற்கும். வழக்கமான டீசல் தரத்துக்கு அது போதாது. வழுவழுப்பும் குறைவு என்பதால் பம்ப் தேயாமலிருக்க மசகுப் பொருள் சேர்க்க வேண்டும். நாஃப்தா நேர்ச்சங்கிலிகளால் ஆனது. ஆக்டேன் எண் படுமோசம். அதை அப்படியே ஸ்கூட்டரில் ஊற்றினால் எஞ்சின் தட்டும். பெட்ரோகெமிக்கல் ஆலைக்கு எத்திலீன் எடுக்க அனுப்புவதுதான் அதற்கு நல்ல கதி.

பெட்ரோலேதான் வேண்டும் என்றால் வழி வேறு. வாயுவிலிருந்து முதலில் மெத்தனால், மெத்தனாலிலிருந்து இசட்எஸ்எம்-5 என்ற சியோலைட் (நுண்துளைகள் கொண்ட வினையூக்கி) மேல் பெட்ரோல். நியூசிலாந்தின் மோட்டுனுயியில் 1980களின் நடுவில் மோபில் நிறுவனத்தின் இந்த முறையில் நாளுக்குச் சுமார் 14,500 பீப்பாய் பெட்ரோல் எடுத்தார்கள். அங்கும் ஒரு வில்லங்கம்: டியூரின் என்ற பொருள் உடன்விளைவாக வரும். 79 டிகிரியில் உறைகிற சரக்கு அது. அளவு மிஞ்சினால் கார்பரேட்டரில் படிகமாக உட்கார்ந்துகொள்ளும். அதை 2 சதவீதத்துக்குள் அடக்கத் தனியாக ஒரு பிரிவே வைக்க வேண்டியிருந்தது. பிற்பாடு பெட்ரோல் பகுதியை மூடிவிட்டு மெத்தனாலை மட்டும் விற்றார்கள். விலைக் கணக்கு அப்படி.

கட்டுரை தொடாமல் விட்ட முதல் விஷயம், வெப்பம். ஒரு மோல் கார்பன் மோனாக்சைடு வினைபுரிந்தால் சுமார் 165 கிலோஜூல் வெளியாகிறது. எளிமையாகச் சொன்னால், ரியாக்டரில் ஒரு கிலோ எண்ணெய் உருவாகும்போதெல்லாம் நாலரைக் கிலோ தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கும் வெப்பத்தை உடனுக்குடன் வெளியேற்ற வேண்டும். பத்து டிகிரி கூடினால் மீத்தேன் ஏறும். மீத்தேன் உருவாகும் வினை இன்னும் அதிக வெப்பம் கக்கும். அதனால் இன்னும் சூடேறும். இந்தச் சுழல் ரியாக்டருக்குள் வினையூக்கி நிரப்பிய ஒரு குழாயில் தொடங்கிவிட்டால் கரி படிந்து, வினையூக்கி ஊதி, குழாய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் கடப்பாறை போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

குழாய்கள் ஒல்லியாக இருப்பதன் காரணம் இதுதான். தென்னாப்பிரிக்காவின் சாசோல்பர்கில் 1955-இல் ஓடத் தொடங்கிய ஆர்கே வகை ரியாக்டர் ஒவ்வொன்றிலும் 5 சென்டிமீட்டர் விட்டமும் 12 மீட்டர் நீளமும் உள்ள 2,050 குழாய்கள். கத்தாரின் ராஸ் லஃபானில் ஷெல் நிறுவனம் 2011-இல் தொடங்கிய பேர்ல் ஆலையில் 24 ரியாக்டர்கள். ஒவ்வொன்றும் 1,200 டன் எடை, உள்ளே சுமார் 29,000 குழாய்கள். குழாய்க்குள் வினையூக்கி, வெளியே கொதிக்கும் தண்ணீர். நீராவி டிரம்மின் அழுத்தத்தைத் திருகித்தான் வெப்பநிலையைப் பிடிக்கிறார்கள். 23 பார் அழுத்தத்தில் தண்ணீர் 220 டிகிரியில் கொதிக்கும். ஒரு பார் கூட்டினால் இரண்டு டிகிரி ஏறும். தெர்மாமீட்டரைவிட பிரஷர் கேஜ்தான் இங்கே நம்பகமான தோழன்.

இன்னொரு வகை, குழம்பு ரியாக்டர். உருகிய மெழுகில் மிளகாய்த்தூளைவிட நைசான வினையூக்கித் தூளை மிதக்கவிட்டு, அடியிலிருந்து வாயுவைக் குமிழிகளாக விடுவார்கள். உள்ளே குளிர்குழாய்ச் சுருள்கள். மேலும் கீழும் ஒரே வெப்பநிலை, செலவும் குறைவு. ஆனால் விளைபொருளான மெழுகை வெளியே எடுக்கும்போது தூள் உள்ளேயே தங்க வேண்டும். தூள்கள் ஒன்றோடொன்று உரசி மாவாகிவிட்டால் வடிகட்டிகள் அடைத்துக்கொள்ளும். அதே ராஸ் லஃபானில் நாளுக்கு 34,000 பீப்பாய்க்கென்று கட்டிய ஓரிக்ஸ் ஆலை தொடங்கிய புதிதில், 2007-இல், எதிர்பார்த்ததைவிட நுண்தூள் அதிகமாகி உற்பத்தி நொண்டியடித்தது இப்படித்தான். சிறு ஆலையில் ஒழுங்காக ஓடிய வினையூக்கியே அறுபது மீட்டர் உயர ரியாக்டரில் வேறு முகம் காட்டும்.

இனி கந்தகம்; வினையூக்கிக்கு விஷம் அது. கட்டுரையில் 'வாயுவைச் சுத்தம் செய்தபின்' என்று மூன்று சொற்களில் தாண்டிப்போன இடம். அந்த மூன்று சொற்களுக்குள் ஒரு தொழிற்சாலையே இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மணிக்கு ஒரு லட்சம் கன மீட்டர் வாயு போகும் சிறிய ஆலை. நாளுக்கு மூவாயிரத்துச் சொச்சம் பீப்பாய் கிடைக்கும். வாயுவில் பத்து லட்சத்தில் ஒரே ஒரு பங்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு தப்பி வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் மூக்குக்கு அது அழுகிய முட்டை நாற்றமாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் மணிக்கு 143 கிராம் கந்தகம், நாளுக்கு மூன்றரைக் கிலோ. ரியாக்டரில் 50 டன் வினையூக்கி, அதில் ஐந்தில் ஒரு பங்கு கோபால்ட், அந்தக் கோபால்ட் அணுக்களில் பத்தில் ஒன்றுதான் மேற்பரப்பில் வேலை செய்கிறது. ஒரு கந்தக அணு இரண்டு கோபால்ட் அணுக்களை முடக்கும் என்று கொண்டால், மூன்று மாதத்துக்குள் மொத்தமும் பிணம். அதே கந்தகம் நூறு கோடியில் 20 பங்காக இருந்தால் பத்து வருஷம் தாங்கும். வேறு காரணங்களால் அதற்கு முன்பே மாற்றவேண்டி வரும் என்பது வேறு. ஆகவே கோபால்ட்டுக்கு 20 பிபிபி என்ற அளவு சும்மா எழுதிவைத்ததல்ல.

இங்கேயும் இரண்டு ரியாக்டர்களுக்கும் வித்தியாசம் உண்டு. குழாய் ரியாக்டரில் ஒரு நாள் கந்தகம் தப்பி வந்தால் மேலே இருக்கிற அடுக்கு அடி வாங்கிக்கொண்டு கீழே இருப்பதைக் காப்பாற்றும். குழம்பு ரியாக்டரில் குடம் பாலில் துளி விஷம்தான். எல்லாத் தூளும் ஒருசேரக் கெடும். வாயுச் சுத்தத்தில் நம்பிக்கை இல்லாத இடத்தில் குழம்பு ரியாக்டரை நான் சிபாரிசு செய்யமாட்டேன், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

லிக்னைட்டில் 0.7 சதவீதம் கந்தகம் இருந்தால் கச்சா வாயுவில் ஐயாயிரம் பிபிஎம் (பத்து லட்சத்தில் ஐயாயிரம் பங்கு) அளவில் வரும். அதை 0.02 பிபிஎம்முக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டரை லட்சம் மடங்கு குறைப்பு. ஒரே படியில் முடியாது. முதலில் கார்பனைல் சல்ஃபைடு என்ற இன்னொரு கந்தகச் சேர்மத்தைத் தண்ணீரோடு சேர்த்து ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றிக்கொள்ளலாம். அடுத்து ரெக்டிசால்: பூஜ்யத்துக்குக் கீழே 40 முதல் 60 டிகிரி வரை குளிர்ந்த மெத்தனாலால் வாயுவைக் கழுவுவது. கந்தகமும் கரியமில வாயுவும் அதில் கரைந்துபோகும், 0.1 பிபிஎம்முக்குக் கீழே வந்துவிடும். கடைசிக் காவலாக, சூடான துத்தநாக ஆக்சைடு நிரப்பிய இரண்டு தொட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக. முதல் தொட்டி நிறைந்ததும் இரண்டாவதை முன்னால் கொண்டுவந்து, புதிதாக நிரப்பியதைப் பின்னால் வைப்பார்கள். ரெக்டிசால் தடுமாறி ஒரு பிபிஎம் தப்பினால்கூட மேற்சொன்ன ஆலைக்கு வருஷத்துக்குச் சில டன் துத்தநாக ஆக்சைடுதான் செலவு. 50 டன் கோபால்ட் வினையூக்கி விலையோடு பார்த்தால் இது கடுகு. இந்தத் தொட்டியைச் சிக்கனம் என்று சொல்லி வரைபடத்திலிருந்து எடுத்துவிடும் ஆட்களும் இருக்கிறார்கள்.

அளப்பதிலும் ஏமாறலாம். சாதாரணக் கண்டறிகுழாய் பூஜ்யம் காட்டினால் கந்தகம் இல்லை என்று அர்த்தமல்ல. அதற்கு அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கத் தெரியாது என்றுதான் அர்த்தம். மாதிரி எடுத்துவரும் குழாய் வெறும் எஃகாக இருந்தால் வழியிலேயே அது கந்தகத்தை உறிஞ்சிக்கொள்ளும். கருவி குறைத்துக் காட்டும், எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள், வினையூக்கி செத்துக்கொண்டிருக்கும். உள்பக்கம் சிலிகா பூசிய குழாய் போட வேண்டும். மாதிரியை இரண்டு காவல் தொட்டிகளுக்கும் இடையில் எடுக்க வேண்டும். இரண்டாவதுக்குப் பின்னால் எடுத்தால், கெடுதல் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

கந்தகத்துக்கு அடுத்து, விகிதம். கோபால்ட்டுக்கு ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடுக்கு 2.1 பங்கு ஹைட்ரஜன் தேவை. நிலக்கரித் தூளை உலர்வாக ஊதி ஆக்சிஜனில் எரிக்கும் நவீன வாயுவாக்கியில் கிடைக்கும் விகிதம் சுமார் 0.5. மீதி ஹைட்ரஜனுக்கு எங்கே போவது? கார்பன் மோனாக்சைடையே நீராவியோடு சேர்த்து ஹைட்ரஜனாக மாற்றுகிறார்கள். விலை? ஒவ்வொரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கும் ஒரு கரியமில வாயு மூலக்கூறு. 0.5-ஐ 2.1 ஆக்க, 100 கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளில் 52-ஐ இப்படிப் பலி கொடுக்க வேண்டும். பாதிக்கு மேல் கரி, எண்ணெய் ஆவதற்கு முன்பே புகைபோக்கிக்குப் போய்விடுகிறது. தென்னாப்பிரிக்காவில் சாசோல் நிறுவனத்தின் செக்குண்டா நிலக்கரி ஆலை ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல் கரியமில வாயு விடுவது நிர்வாகக் கோளாறால் அல்ல, வேதியியலே அப்படி. இரும்பு வினையூக்கி இந்த மாற்றத்தை ரியாக்டருக்குள்ளேயே கொஞ்சம் செய்துகொள்ளும் என்பதால் குறைந்த விகிதத்தையும் தாங்கும். நிலக்கரி ஆலைகள் இரும்பை விரும்புவது விலைக்காக மட்டுமல்ல. ஆனால் அங்கேயும் கரியமில வாயு எங்கும் ஓடிவிடுவதில்லை. வெளிவரும் இடம்தான் மாறுகிறது.

இயற்கை எரிவாயுவில் ஆக்சிஜனும் நீராவியும் சேர்த்தால் விகிதம் நேராக 2 பக்கம் வந்து நிற்கும். சாம்பல் இல்லை, தார் இல்லை. கத்தாரில் கட்டியதற்கும், சாசோல்பர்க் ஆலையே 2004-இல் நிலக்கரியைக் கைவிட்டு மொசாம்பிக்கிலிருந்து குழாயில் வரும் எரிவாயுவுக்கு மாறியதற்கும் காரணம் இதுதான். ஐம்பது வருஷம் நிலக்கரியில் கைதேர்ந்தவர்களே செய்த முடிவு அது.

ஆக்சிஜன் என்றேன். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் பிரிவைப் பலரும் வாசல் காவலாளி போல நினைத்துக் கடந்துபோவார்கள். மலேசியாவின் பின்டுலுவில் ஷெல் 1993-இல் தொடங்கிய ஆலையில் 1997 கிறிஸ்துமஸ் அன்று வெடித்தது அந்தப் பிரிவுதான். அந்த வருஷம் காட்டுத்தீப் புகை அந்தப் பிரதேசம் முழுக்க மாதக்கணக்கில் மூடியிருந்தது. காற்றோடு உள்ளே போன நுண்துகள் திரவ ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் சேர்ந்து, பற்றி, அலுமினியத்தையே எரியவைத்தது. ஆலை மறுபடி ஓட 2000 ஆயிற்று. வினையூக்கிக்கும் அந்த விபத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

குழாய்களும் சும்மா இருப்பதில்லை. கார்பன் மோனாக்சைடு அழுத்தத்தில், 100 முதல் 200 டிகிரி வரை, சாதாரண எஃகைத் தின்று இரும்பு கார்பனைல் என்ற ஆவியாகும். அந்த ஆவி ரியாக்டரில் போய்ச் சிதைந்து வினையூக்கி மேல் இரும்பாகப் படியும். மீத்தேன் ஏறுகிறதே, ஏன் என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். நிக்கல் இருந்தால் இன்னும் மோசம். நிக்கல் கார்பனைல் ஆளைக் கொல்லும் விஷம். அந்த வெப்பநிலைப் பகுதியில் துருவேறா எஃகு போட்டே ஆக வேண்டும். வாயுவாக்கியை ஒட்டிய கொதிகலனில் 450 முதல் 800 டிகிரி வரையான பகுதியில் உலோகம் கரியை உறிஞ்சித் தூளாக உதிரும். அது தனித் தலைவலி.

தொடங்குவது, நிறுத்துவது இரண்டும் கைப்பக்குவம் வேண்டிய வேலைகள். புதிய கோபால்ட் வினையூக்கியை 350 முதல் 400 டிகிரியில் ஹைட்ரஜனில் ஒடுக்க வேண்டும், நிமிஷத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றாமல். வரும் ஈரத்தை வேகமான வாயுவோட்டம் அடித்துக்கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் கோபால்ட் துணுக்குகள் ஒட்டிப் பெருத்துவிடும். ஒடுக்கியதைக் காற்றுப் படவிட்டால் தீப்பற்றும். அதனால் மெழுகில் தோய்த்துத்தான் எடுத்துவருவார்கள். ரியாக்டரில் வாயுவை 200 டிகிரிக்குக் கீழேயே விட்டு, நாளுக்குச் சில டிகிரி வீதம் ஏற்ற வேண்டும். முதல் வாரம் குதிரை மாதிரி ஓடும். ஓடவிட்டால் ஆயுள் போச்சு. திடீரென்று வாயு நின்றால் ஹைட்ரஜனை விட்டு அலசக் கூடாது. உள்ளே மிஞ்சியிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு ஹைட்ரஜன் மிகுந்துவிட்டால் மீத்தேன் வினை பாயும், வெப்பம் எகிறும். நைட்ரஜனால் அலசி, நீராவி டிரம்மின் அழுத்தத்தை இறக்கிக் குளிர்விக்க வேண்டும்.

தண்ணீரையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ எண்ணெய்க்கு 1.3 கிலோ தண்ணீர் ரியாக்டரிலேயே பிறக்கிறது. அதில் ஆல்கஹால்களும் அசிட்டிக் அமிலமும் கலந்திருக்கும். வாய்க்காலில் விட முடியாது, சாதாரணக் குழாயில் ஓட்டவும் முடியாது. ரியாக்டருக்குள் நீராவி மிகுந்தாலும் கோபால்ட் கெடும் என்பதால் ஒரு சுற்றில் 60, 70 சதவீதத்துக்கு மேல் மாற்றாமல், மிச்ச வாயுவைத் திருப்பி விடுவார்கள்.

இவ்வளவையும் வைத்து நெய்வேலிக்கு வருவோம். வாயுவாக்கம் நெய்வேலிக்குப் புதிதல்ல. 1960களில் அங்கே தொடங்கிய யூரியா ஆலை லிக்னைட்டை விங்க்ளர் வாயுவாக்கிகளில் வாயுவாக்கித்தான் அம்மோனியா எடுத்தது. பிறகு எரிஎண்ணெய்க்கு மாறி, கடைசியில் மூடப்பட்டது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. லிக்னைட்டில் சரிபாதி ஈரம். கலோரி மதிப்பு கிலோவுக்கு 2,600 கிலோ கலோரி பக்கம். ஆலையின் மொத்தத் திறன் 40 முதல் 45 சதவீதம் என்று தாராளமாகவே வைத்தால், ஒரு டன் எண்ணெய்க்குச் சுமார் பத்து டன் லிக்னைட் போக வேண்டும். பத்து டன்னில் ஐந்து டன் வெறும் தண்ணீர்; அதை உலர்த்தவே தனி ஏற்பாடு. வருஷத்துக்குப் பத்து லட்சம் டன் எண்ணெய் என்றால் ஒரு கோடி டன் லிக்னைட். நெய்வேலிச் சுரங்கங்களின் மொத்தத் திறனே ஆண்டுக்கு 3 கோடி டன்னுக்கு உட்பட்டது. அதுவும் இப்போது அனல்மின் நிலையங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

அதே பத்து டன்னை மின்சாரமாக்கினால் சுமார் பத்தாயிரம் யூனிட். கம்பி இழப்பு ஐந்தில் ஒரு பங்கு போக எட்டாயிரம். யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் ஓடும் மின்சாரக் கார் 48,000 கிலோமீட்டர் போகும். ஒரு டன் செயற்கை டீசல் ஏறக்குறைய 1,290 லிட்டர். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்றாலும் 23,000 கிலோமீட்டர்தான். காருக்காக லிக்னைட்டை எண்ணெயாக்குவது பாதி வழியில் கொட்டிவிடுவதற்குச் சமம். விமானத்துக்கு என்றால் பேச்சு வேறு; அங்கே பேட்டரி எடுபடாது. சாசோலின் செயற்கை எரிபொருள் கலந்த விமான எரிபொருளுக்கு ஜோகன்னஸ்பர்கில் 1999-இலேயே அனுமதி கிடைத்தது.

லிக்னைட்டிலிருந்து மெத்தனால் எடுக்கும் யோசனை நெய்வேலியில் இருந்துவருவதைக் கட்டுரை சொல்கிறது. ஃபிஷர்-திராப்ஷைவிட அது எளிது என்பது என் கருத்தும்கூட. செம்பு-துத்தநாக வினையூக்கியில் கிட்டத்தட்ட ஒரே ஒரு பொருள் வரும், மெழுகு, நாஃப்தா என்று சிதறாது. ஆனால் வாயுவாக்கியும் ஆக்சிஜனும் ரெக்டிசாலும் அதற்கும் வேண்டும். கந்தகம் செம்பையும் கொல்லும். எனவே இதுபோன்ற அறிவிப்பு அடுத்த முறை வரும்போது, எந்த வினையூக்கி என்று கேட்பதை விட்டுவிட்டு, தங்கள் நிருபர் நான்கு எண்களைக் கேட்டு வெளியிட்டால் நன்றாக இருக்கும்: ரியாக்டர் வாசலில் கந்தகம் எத்தனை பிபிபி, நாளுக்கு எத்தனை டன் ஆக்சிஜன், ஒரு டன் சரக்குக்கு எத்தனை டன் லிக்னைட், எத்தனை டன் கரியமில வாயு.

இப்படிக்கு,
வேதிப் பொறியாளரான ஒரு வாசகர்,
கடலூர் மாவட்டம்.